போட்டோ விற்கலாம், இன்டர்நெட் வழியாக!

விண்டோஸ் எக்ஸ்பி பயன்படுத்திய யாரும் அந்தப் படத்தை மறந்திருக்க மாட்டார்கள். பச்சைப் பசேல் என்று ஒரு குன்று. மேலே நீல வானம். அங்கங்கே வெள்ளை மேகம். 2001ல் எக்ஸ்பியுடன் வந்த ‘ப்ளிஸ்’ என்ற வால்பேப்பர் அது. பலர் அதைக் கம்ப்யூட்டரில் வரைந்த படம் என்றே நினைத்தார்கள். உண்மையில் அது போட்டோ. சார்லஸ் ஓ’ரியர் என்ற போட்டோகிராபர் 1996 ஜனவரியில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள சோனோமா பகுதியில், போகிற வழியில் காரை நிறுத்தி பிலிம் கேமராவில் எடுத்தது.

மைக்ரோசாப்ட் கேட்டு அவர் அதை எடுக்கவில்லை. எடுத்த படத்தை விற்பனைக்காக ஒரு போட்டோ ஏஜென்சியில் கொடுத்து வைத்திருந்தார். பின்னர் அது கோர்பிஸ் என்ற நிறுவனத்தின் இருப்பில் கிடந்தது. 2000ல் மைக்ரோசாப்ட் அதைத் தேடிப் பிடித்து முழு உரிமையையும் விலைக்கு வாங்கியது.

இப்படி முன்கூட்டியே எடுத்து, இருப்பில் வைத்து, தேவைப்படுவோருக்கு விற்கும் படங்களைத் தான் ‘ஸ்டாக் போட்டோ’ என்கிறோம். இன்று இந்த வேலையை வீட்டில் இருந்தபடியே நீங்களும் செய்யலாம். ஒரு கம்ப்யூட்டர், இன்டர்நெட் இணைப்பு, ஓரளவு நல்ல கேமரா அல்லது மொபைல் போன் இருந்தால் போதும். ஆனால் இதில் எவ்வளவு கிடைக்கும், எதற்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரிந்து கொண்டு இறங்குவது நல்லது. அதற்கான பாடம் தான் இது.

மைக்ரோ ஸ்டாக் வந்த கதை

ஒரு காலத்தில் ஸ்டாக் போட்டோ என்பது தொழில்முறை போட்டோகிராபர்களின் உலகம். ஒரு படத்துக்கு நூற்றுக்கணக்கான டாலர் விலை இருந்தது. விளம்பரக் கம்பெனிகளும் பெரிய பத்திரிகைகளும் மட்டுமே வாங்கின.

2000ல் கனடாவின் கால்கரி நகரில் புரூஸ் லிவிங்ஸ்டன் என்பவர் ஐஸ்டாக்போட்டோ என்ற தளத்தைத் தொடங்கினார். முதலில் இது டிசைனர்கள் தங்களுக்குள் படங்களை இலவசமாக மாற்றிக் கொள்ளும் இடமாகவே இருந்தது. சர்வர் செலவு கூடியதும் படம் ஒன்றுக்கு மிகச் சிறிய தொகை வாங்கத் தொடங்கினார்கள். சிறிய விலை, நிறைய விற்பனை. ‘மைக்ரோ ஸ்டாக்’ என்ற பெயர் இதனால் தான் வந்தது.

2003ல் நியூயார்க்கில் ஜான் ஓரிங்கர் ஷட்டர்ஸ்டாக் தளத்தைத் தொடங்கினார். தான் எடுத்த சுமார் 30,000 படங்களையே முதல் சரக்காக வைத்தார். மாதச் சந்தா கட்டினால் படங்களை இறக்கிக் கொள்ளலாம் என்ற முறையைப் பரப்பியது இந்தத் தளம் தான். பின்னர் ட்ரீம்ஸ்டைம், 123ஆர்எப், போட்டோலியா போன்றவை வந்தன. 2006ல் கெட்டி இமேஜஸ் நிறுவனம் ஐஸ்டாக்போட்டோவை 5 கோடி டாலருக்கு வாங்கியது. போட்டோலியாவை 80 கோடி டாலருக்கு வாங்குவதாக 2014 டிசம்பரில் அடோப் அறிவித்தது. அதைக் கொண்டு 2015ல் அடோப் ஸ்டாக் தொடங்கப்பட்டது. பழைய போட்டோலியா தளம் 2019 நவம்பரில் மூடப்பட்டது. கெட்டி, ஷட்டர்ஸ்டாக் இரண்டும் ஒன்றாக இணையப் போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தன.

இந்தக் கதையில் நமக்கு ஒரு பாடம் உண்டு. தளங்கள் வரும், கை மாறும், மூடப்படும். எனவே உங்கள் ஒரிஜினல் படங்களும், அவற்றின் தலைப்பு விவரங்களும் எப்போதும் உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இருக்க வேண்டும். இன்னொரு டிரைவிலும் ஒரு காப்பி எடுத்து வைத்திடவும்.

நீங்கள் விற்பது எதை?

படத்தை விற்பதாகச் சொல்கிறோமே தவிர, உண்மையில் நீங்கள் விற்பது படத்தைப் பயன்படுத்தும் அனுமதியை. இதற்கு லைசென்ஸ் என்று பெயர். காப்பிரைட் உங்களிடமே இருக்கும். அதனால் ஒரே படத்தை நூறு பேருக்கும் விற்கலாம். ‘நான் எக்ஸ்க்ளூசிவ்’ முறையில் சேர்ந்தால் அதே படத்தைப் பல தளங்களிலும் வைக்கலாம்.

இந்தத் தளங்களில் ‘ராயல்டி ப்ரீ’ என்ற சொல்லை அடிக்கடி காண்பீர்கள். இது இலவசம் என்று பொருள் அல்ல. வாங்குபவர் ஒரு முறை பணம் கொடுத்தால் போதும், ஒவ்வொரு முறை அச்சிடும்போதும் தனியாகத் தர வேண்டியதில்லை என்பதே இதன் பொருள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒருவர் லைசென்ஸ் வாங்கி விட்டால் அதைத் திரும்பப் பெற முடியாது. நாளை மனம் மாறி, உங்கள் கணக்கில் இருந்து படத்தை நீக்கி விடலாம். புதிதாக யாரும் வாங்க முடியாது. ஆனால் ஏற்கனவே வாங்கியவர் பயன்படுத்திக் கொண்டே இருக்கலாம். இதை நன்றாக மனதில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருவோம்.

எவ்வளவு கிடைக்கும்?

எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி இது. கணக்குப் போட்டே பார்த்து விடலாம்.

அடோப் ஸ்டாக்கில் போட்டோ விலையில் 33 சதவீதம் எடுத்தவருக்குத் தரப்படுகிறது. ஐஸ்டாக்கில் எக்ஸ்க்ளூசிவ் அல்லாதவர்களுக்குப் போட்டோவுக்கு 15 சதவீதம். ஷட்டர்ஸ்டாக் 2020 ஜூன் 1 முதல் ஆறு படிகள் கொண்ட முறையைக் கொண்டு வந்தது. 15 சதவீதத்தில் தொடங்கி 40 சதவீதம் வரை போகும். உங்கள் படங்கள் எவ்வளவு அதிகம் இறக்கப்படுகின்றனவோ, அவ்வளவு மேல் படிக்குப் போகலாம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று எல்லாரும் மறுபடி முதல் படிக்கு வந்து விடுவார்கள். பரமபத விளையாட்டில் பாம்பு கொத்தியது போலத் தான். இந்த மாற்றத்தை எதிர்த்துப் பல போட்டோகிராபர்கள் தங்கள் படங்களை விற்பனையில் இருந்து நிறுத்தி வைத்தார்கள்.

புதிய முறையில் ஒரு படத்துக்குக் குறைந்த அளவு 10 சென்ட் என்று வைக்கப்பட்டது. நம் ரூபாயில் எட்டோ ஒன்பதோ வரும். டீக்கடையில் ஒரு டீ கூடக் கிடைக்காது. பணத்தை எடுக்க ஒரு குறைந்தபட்சத் தொகையும் சேர வேண்டும். அது 25 டாலர் என்று வைத்துக் கொண்டால், 10 சென்ட் வீதம் 250 முறை உங்கள் படங்கள் இறக்கப்பட வேண்டும். எல்லா விற்பனையும் 10 சென்ட்டுக்கே நடக்காது. சில நேரம் ஒரே படத்துக்குப் பல டாலர் கிடைப்பதும் உண்டு. ஆனாலும் வேலையை விட்டு விட்டு இதில் இறங்கும் அளவுக்குப் பணம் கொட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக வரும் கூடுதல் வருமானம் என்று எடுத்துக் கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

படத்தின் அளவைப் பாருங்கள்

அடோப் ஸ்டாக், ஷட்டர்ஸ்டாக் இரண்டிலும் படம் குறைந்தது 4 மெகா பிக்ஸல் இருக்க வேண்டும். ஜேபெக் பைலாக இருக்க வேண்டும். உங்கள் படத்தின் அளவைத் தெரிந்து கொள்வது எளிது.

1. படம் உள்ள போல்டரைத் திறந்திடவும்.

2. படத்தின் மீது ரைட் கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ தேர்ந்தெடுக்கவும்.

3. கிடைக்கும் டயலாக் பாக்ஸில் ‘டீட்டெய்ல்ஸ்’ டேபில் கிளிக் செய்திடவும்.

4. ‘டைமென்ஷன்ஸ்’ என்ற இடத்தில் இரண்டு எண்கள் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் மொத்த பிக்ஸல் எண்ணிக்கை கிடைக்கும்.

உதாரணமாக, 4000 x 3000 என்றால் 1,20,00,000 பிக்ஸல். அதாவது 12 மெகா பிக்ஸல். தாராளமாகப் போதும். 2592 x 1944 என்றால் சுமார் 5 மெகா பிக்ஸல். இதுவும் சரி. பீரோவில் இருக்கும் பழைய டிஜிட்டல் கேமராவில் ‘4 மெகா பிக்ஸல்’ என்று எழுதியிருக்கலாம். ஆனால் படம் 2272 x 1704 என்று இருந்தால் 38,71,488 பிக்ஸல் தான். நிராகரிக்கப்படும்.

இரண்டு இடங்களில் புதியவர்கள் ஏமாறுவார்கள். ஒன்று, வெட்டுவது. 4000 x 3000 படத்தில் அகலத்திலும் உயரத்திலும் பாதியை மட்டும் வெட்டி எடுத்தால் 2000 x 1500, அதாவது 3 மெகா பிக்ஸல் ஆகி விடும். இரண்டு, அனுப்புவது. மொபைலில் எடுத்த படத்தை வாட்ஸ்அப் மூலம் சாதாரணமாக அனுப்பிக் கம்ப்யூட்டரில் இறக்கினால் படம் சுருங்கித் தான் வரும். யுஎஸ்பி கேபிள் மூலம் ஒரிஜினல் பைலையே காப்பி செய்திடவும். சிறிய படத்தைச் சாப்ட்வேர் மூலம் இழுத்துப் பெரிதாக்கி அனுப்பவும் வேண்டாம்.

நூறு சதவீதத்தில் சோதனை

நீங்கள் அனுப்பும் படத்தைத் தளத்தினர் சோதித்த பிறகே விற்பனைக்கு வைப்பார்கள். மானிட்டரில் முழுப் படமாகப் பார்க்கும்போது எல்லாப் படமும் அழகாகத் தான் இருக்கும். படத்தைத் திறந்து 100 சதவீத ஜூம் வைத்து மூலை முதல் மூலை வரை நகர்த்திப் பாருங்கள். அப்போது தான் குறைகள் தெரியும். வழக்கமாக நிராகரிக்கப்படும் காரணங்கள் இவை:

போகஸ் தவறுவது. டம்ளர் மங்கலாகவும் பின்னால் உள்ள சுவர் தெளிவாகவும் இருந்தால் படம் தேறாது.

நாய்ஸ். குறைந்த வெளிச்சத்தில் எடுத்தால் நிழல் பகுதிகளில் வண்ணப் புள்ளிகள் மணல் தூவியது போலத் தெரியும். ஜன்னல் ஓரம், பகல் வெளிச்சத்தில் எடுத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அதிகப்படியான எடிட்டிங். வண்ணத்தைக் கூட்டிக் கூட்டி வானத்தை ஊதா ஆக்கி விட வேண்டாம்.

லோகோ, பிராண்ட் பெயர். சட்டையில் உள்ள சின்னம், லேப்டாப் மூடியில் உள்ள அடையாளம், பிஸ்கட் பாக்கெட், ஸ்கூட்டரில் உள்ள பெயர் எல்லாம் இதில் அடங்கும். எடுக்கும் முன்பே திருப்பி வைப்பது நல்லது. தப்பியதை கிம்ப் போன்ற இலவச சாப்ட்வேரில் க்ளோன் டூல் கொண்டு அழிக்கலாம்.

தேதி முத்திரை. சில கேமராக்கள் படத்தின் ஓரத்தில் தேதியைப் பதிக்கும். கேமரா செட்டிங்ஸில் இதை முதலிலேயே நிறுத்தி விடவும். உங்கள் பெயரையும் படத்தின் மேல் எழுதக் கூடாது.

எந்தப் படம் விற்கும்?

அழகான படம் விற்கும் என்பது பொதுவான எண்ணம். மைக்ரோ ஸ்டாக்கில் பயன்படும் படம் தான் விற்கும். வாங்குபவர் யார் என்று யோசியுங்கள். சமையல் புத்தகம் தயாரிப்பவர், ஒரு வங்கியின் நோட்டீஸ் வடிவமைப்பவர், பள்ளிப் பாடநூல் தயாரிப்பவர், சுற்றுலாக் கம்பெனிக்கு விளம்பரம் செய்பவர். இவர்களுக்கு ஒரு கருத்தைச் சொல்லும் படம் வேண்டும். பக்கத்தில் எழுத்துப் போட இடமும் வேண்டும். இந்தக் காலி இடத்தைக் ‘காப்பி ஸ்பேஸ்’ என்பார்கள். பொருளை நடுவில் வைக்காமல் ஒரு ஓரமாக வைத்து, மறுபக்கம் வெறுமையாக விட்டு ஒரு படம் கூடுதலாக எடுத்து வையுங்கள்.

சூரிய அஸ்தமனம், ரோஜாப் பூ, பூனைக்குட்டி ஆகியவை லட்சக்கணக்கில் ஏற்கனவே குவிந்து கிடக்கின்றன. புதிதாக எடுக்கும் முன் அந்தத் தளத்தின் தேடல் கட்டத்தில் உங்கள் பொருளை டைப் செய்து எத்தனை படங்கள் உள்ளன என்று பாருங்கள். உங்கள் வீட்டையே சுற்றிப் பாருங்கள். இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது எழும் ஆவி, அரிசி மாவில் பாதி போட்ட கோலம், அம்மிக்கல், பித்தளை டபராவில் பில்டர் காபி, மொட்டை மாடியில் காயும் வற்றல். லண்டனில் இருப்பவர் இதை எடுக்க விமானம் ஏற வேண்டும். நீங்கள் மாடிப்படி ஏறினால் போதும்.

பண்டிகைப் படங்களைப் பண்டிகைக்கு முன்பே ஏற்றி விட வேண்டும். பொங்கலுக்கான விளம்பரத்தை யாரும் போகிப் பண்டிகை அன்று வடிவமைப்பதில்லை. இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே தேடத் தொடங்கி விடுவார்கள். இந்த ஆண்டு எடுத்த பொங்கல் படத்தை நல்ல விவரங்களுடன் இப்போதே ஏற்றி வைத்தால் அடுத்த பொங்கலுக்குப் பயன்படும்.

கீவேர்ட் இல்லாவிட்டால் படமே இல்லை

கோடிக்கணக்கான படங்களுக்கு நடுவே உங்கள் படத்தை வாங்குபவர் எப்படிக் கண்டு பிடிப்பார்? சொற்களை வைத்துத் தான். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தலைப்பும், பல கீவேர்டுகளும் கொடுக்க வேண்டும். ஷட்டர்ஸ்டாக்கில் 50 கீவேர்டுகள் வரையும், அடோப் ஸ்டாக்கில் 49 வரையும் தரலாம். அடோப் ஸ்டாக்கில் முதல் பத்து கீவேர்டுகளுக்கு அதிக முக்கியத்துவம் உண்டு. எனவே முக்கியமானவற்றை முதலில் தரவும்.

உலகம் முழுவதும் உள்ளவர்கள் தேடுவதால் ஆங்கிலத்தில் தருவது தான் பயன் தரும். மூன்று கேள்விகளைக் கேட்டுக் கொண்டு எழுதுங்கள். படத்தில் என்ன இருக்கிறது? எங்கே, எப்போது எடுத்தது? எந்தக் கருத்துக்கு இது பயன்படும்?

பில்டர் காபி படத்தையே எடுத்துக் கொள்வோம். முதல் கேள்விக்கு: காபி, பில்டர் காபி, டம்ளர், பிராஸ், ப்ராத், ஹாட் ட்ரிங்க். இரண்டாவது கேள்விக்கு: சவுத் இந்தியன், தமிழ்நாடு, மார்னிங், பிரேக்பாஸ்ட். மூன்றாவது கேள்விக்கு: ட்ரெடிஷனல், ஹாஸ்பிடாலிட்டி, காப்பி ஸ்பேஸ். ‘ப்ராத்’ என்பது நுரைக்கான ஆங்கிலச் சொல். இது போன்ற சொற்கள் தெரியாவிட்டால் அகராதியைப் பார்க்கத் தயங்க வேண்டாம். படத்தில் இல்லாத பொருளை, விற்பனைக்காகச் சேர்க்கக் கூடாது. காபி படத்துக்கு ‘கிரிக்கெட்’ என்று கீவேர்ட் தந்தால் கணக்குக்கே ஆபத்து.

ஒரே படத்தை மூன்று தளங்களில் வைப்பதானால் மூன்று முறை டைப் செய்ய வேண்டுமா? வேண்டாம். எக்ஸ்என்வியூ எம்பி போன்ற, வீட்டு உபயோகத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் சாப்ட்வேர் மூலம் தலைப்பையும் கீவேர்டுகளையும் படப் பைலுக்குள்ளேயே பதிந்து விடலாம். இந்தத் தகவல் பகுதிக்கு ஐபிடிசி என்று பெயர். தளங்கள் இதைத் தாமாகவே படித்துக் கொள்ளும்.

முகம் தெரிந்தால் கையெழுத்து வேண்டும்

இந்தப் பாடத்திலேயே மிக முக்கியமான பகுதி இது தான்.

படத்தில் ஒருவரை அடையாளம் காண முடிந்தால், விளம்பரத்துக்கு விற்க அவருடைய எழுத்து பூர்வமான சம்மதம் வேண்டும். இதற்கு ‘மாடல் ரிலீஸ்’ என்று பெயர். தளங்களிலேயே படிவம் கிடைக்கும். ஒரு படத்தில் நான்கு பேர் என்றால் நான்கு படிவங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்திட வேண்டும். உங்களை நீங்களே எடுத்துக் கொண்டாலும் உங்கள் கையெழுத்துடன் படிவம் தர வேண்டும். முகம் தெரியாவிட்டாலும் பச்சை குத்திய அடையாளம் போன்றவற்றால் ஆளைக் கண்டு பிடிக்க முடிந்தால் சம்மதம் தேவைப்படும்.

இது ஏன் இவ்வளவு கண்டிப்பு? 2007ல் நடந்த ஒரு விஷயத்தைப் பாருங்கள். அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு பதின் வயதுப் பெண்ணின் படத்தை, அவருக்குத் தெரிந்தவர் ப்ளிக்கரில் போட்டிருந்தார். வணிகப் பயன்பாட்டையும் அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துடன் அது இருந்தது. ஆஸ்திரேலியாவில் ஒரு மொபைல் கம்பெனி அதை எடுத்து, அந்தப் பெண்ணைக் கேலி செய்வது போன்ற வாசகத்துடன் விளம்பரமாக வைத்து விட்டது. விஷயம் வழக்கு வரை போனது. எடுத்தவரின் அனுமதி வேறு, படத்தில் இருப்பவரின் அனுமதி வேறு என்பதை உலகம் முழுவதும் பலருக்குப் புரிய வைத்த நிகழ்ச்சி இது.

நம் ஊருக்கு வருவோம். தெரு முனையில் பூக்கட்டும் அக்காவை அழகாக ஒரு படம் எடுக்கிறீர்கள். படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க’ என்று கேட்டால் உங்கள் மேல் உள்ள நம்பிக்கையில் போட்டு விடுவார். ஆனால் அவர் சம்மதித்தது எதற்கு? நாளை அந்தப் படம் ஒரு கடன் கம்பெனியின் விளம்பரத்தில் வரலாம். மூட்டு வலித் தைலத்தின் அட்டையில் வரலாம். நோய், குற்றம் போன்ற விஷயங்களில் படத்தில் உள்ளவரைத் தவறாகக் காட்டுவதைத் தளங்களின் லைசென்ஸ் விதிகள் தடுக்கின்றன அல்லது கட்டுப்படுத்துகின்றன. ஆனாலும் எங்கே வரும் என்பதை நீங்களோ அவரோ முடிவு செய்ய முடியாது. விற்ற பிறகு திரும்ப வாங்கவும் முடியாது.

எனவே கையெழுத்துக் கேட்கும் முன் தமிழில் இப்படிச் சொல்லுங்கள். “அக்கா, இந்தப் படத்தை இன்டர்நெட்ல விக்கப் போறேன். யாரு வேணும்னாலும் வாங்கலாம். விளம்பரத்துல, புஸ்தகத்துல எங்க வேணும்னாலும் உங்க முகம் வரும். எங்க வரும்னு எனக்கே தெரியாது. வித்த பிறகு வேண்டாம்னா நிறுத்த முடியாது. வீட்ல கேட்டுட்டு நாளைக்குச் சொன்னாலும் போதும்.” பிறகும் அவர் சரி என்றால் கையெழுத்து வாங்குங்கள். படிவத்தின் ஒரு பிரதியையும், படத்தின் ஒரு பிரின்ட்டையும் அவரிடம் கொடுங்கள். கிடைக்கும் பணத்தில் அவருக்கு என்ன பங்கு என்பதையும் அப்போதே பேசி விடுவது நல்லது. அவர் தயங்கினால் விட்டு விடுங்கள். பூக்கட்டும் கைகளை மட்டும், ஆள் அடையாளம் தெரியாதபடி எடுத்தாலும் நல்ல படம் தான். அதற்கும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொண்டே எடுங்கள்.

சம்மதப் படிவம் இல்லாத திருவிழாக் கூட்டம், தெருக் காட்சி போன்றவற்றைச் சில தளங்கள் ‘எடிட்டோரியல்’ என்ற பிரிவில் ஏற்கும். இவற்றைச் செய்தி, பாடநூல் போன்றவற்றுக்கு மட்டுமே பயன்படுத்தலாம். விளம்பரத்துக்குக் கூடாது. எந்த ஊர், எந்த நாள், என்ன நிகழ்ச்சி என்பதைத் தலைப்பில் சரியாகக் குறிப்பிட வேண்டும்.

கட்டடத்துக்கும் கட்டுப்பாடு

ஆட்களுக்கு மட்டும் அல்ல, சில கட்டடங்களுக்கும் இது பொருந்தும். பாரிஸ் நகர ஈபில் டவரைப் பகலில் எடுத்து விற்கலாம். இரவில் ஒளிரும் விளக்கு அலங்காரத்துக்குத் தனிக் காப்பிரைட் உள்ளதால், வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற வேண்டும். மும்பை தாஜ் மஹால் பேலஸ் ஓட்டல் 2017ல் தன் கட்டடத் தோற்றத்தையே டிரேட் மார்க்காகப் பதிவு செய்தது. தனியார் வீடு, கடை உட்புறம் போன்றவற்றுக்கு உரிமையாளரிடம் ‘ப்ராப்பர்ட்டி ரிலீஸ்’ வாங்க வேண்டும்.

நம் கோயில்கள் அழகானவை தான். ஆனால் தமிழகக் கோயில்களுக்குள் மொபைல் போனுக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. வெளியில் இருந்து எடுக்கும் கோபுரப் படத்தோடு நிறுத்திக் கொள்ளுங்கள்.

கணக்குத் தொடங்குதல், பணம் பெறுதல்

படம் விற்பவரை இந்தத் தளங்கள் ‘கான்ட்ரிபியூட்டர்’ என்று அழைக்கின்றன. அடோப் ஸ்டாக், ஷட்டர்ஸ்டாக் போன்றவற்றில் கான்ட்ரிபியூட்டர் பகுதிக்குச் சென்று இமெயில் முகவரி தந்து பதிவு செய்திடலாம். வயது 18 நிறைந்திருக்க வேண்டும். அடையாளச் சான்று கேட்டால், அதில் உள்ளபடியே பெயரைத் தரவும். இவற்றில் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ‘போட்டோ விற்க ரூ.2,000 கட்டுங்கள்’ என்று யாராவது போன் செய்தால் இணைப்பைத் துண்டித்து விடவும்.

அடுத்தது வரிப் படிவம். பெரும்பாலான தளங்கள் அமெரிக்காவைச் சேர்ந்தவை என்பதால் டபிள்யூ-8பென் என்ற படிவத்தைத் திரையிலேயே நிரப்பச் சொல்வார்கள். இந்தியாவில் வசிப்பவர் என்று குறிப்பிட்டு, பான் எண்ணைத் தந்து, இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கோர வேண்டும். அப்படிச் செய்தால் அமெரிக்க விற்பனைக்கு 15 சதவீதம் பிடிப்பார்கள். படிவம் தராவிட்டால் 30 சதவீதம். கையெழுத்திட்ட ஆண்டுக்குப் பின் மூன்றாவது ஆண்டு முடியும் வரை படிவம் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

பணம் பேபால் அல்லது பேயோனீர் வழியாக வரும். பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் இந்தியாவுக்குள் பணம் அனுப்பும் சேவையை நிறுத்தி விட்டது. வெளிநாட்டில் இருந்து பணம் பெறும் சேவை தொடர்கிறது. பான் எண்ணும் வங்கிக் கணக்கும் இணைத்திருந்தால் பணம் தானாகவே வங்கிக்குச் சென்று விடும். இந்த வருமானத்தை வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

ஏஐ படங்கள் வந்த பிறகு

எழுதிக் கொடுத்தால் படம் வரைந்து தரும் ஏஐ சாப்ட்வேர்கள் 2022ல் பரவியதும் இந்தத் தொழில் மாறத் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் கெட்டி இமேஜஸ், ஏஐ படங்களை ஏற்க மாட்டோம் என்றது. டிசம்பரில் அடோப் ஸ்டாக், ஏஐ படம் என்று குறிப்பிட்டு அனுப்பினால் ஏற்போம் என்றது. 2023 மார்ச்சில் வந்த அடோபின் பயர்ப்ளை என்ற ஏஐ, அடோப் ஸ்டாக் படங்களைக் கொண்டு பயிற்சி பெற்றது. அந்த ஆண்டு செப்டம்பரில் இதற்காகப் படம் தந்தவர்களுக்கு ஒரு போனஸ் தொகை வழங்கப்பட்டது.

அதாவது, நீங்கள் ஏற்றும் படம் மனிதர்கள் வாங்குவதற்கு மட்டும் அல்லாமல் ஏஐ பயிற்சிக்கும் போகலாம். ஒப்பந்தத்தில் இது பற்றி என்ன உள்ளது என்பதைப் படித்து விட்டு ‘ஐ அக்ரி’ பட்டனில் கிளிக் செய்திடவும். கைகுலுக்கும் இரண்டு பேர், பூகோள உருண்டை போன்ற பொதுவான படங்களை ஏஐ நொடியில் தந்து விடும். உங்கள் ஊர்ச் சந்தையில் உண்மையாக நடந்ததை, உண்மையான தேதியுடன் தர அதனால் முடியாது. உங்கள் பலம் அங்கே தான் இருக்கிறது.

முதல் பத்துப் படங்கள்

இந்த வாரம் இதைச் செய்து பாருங்கள். ‘ஸ்டாக்’ என்ற பெயரில் ஒரு போல்டர் உருவாக்கவும். ஆட்கள் யாரும் இல்லாத, லோகோ இல்லாத பத்துப் படங்களை வீட்டுக்குள்ளேயே ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கவும். அளவைச் சோதிக்கவும். 100 சதவீத ஜூமில் பார்த்து, மங்கியவற்றை நீக்கவும். தேறியவற்றுக்குத் தலைப்பும் 20 கீவேர்டுகளும் எழுதவும். பிறகு ஏதாவது ஒரு தளத்தில் மட்டும் கணக்குத் தொடங்கி அனுப்பவும். நிராகரிக்கப்பட்டால் காரணத்தைப் படித்து, அதை ஒரு நோட்டில் எழுதி வைக்கவும். அடுத்த பத்துப் படங்களுக்கு அந்த நோட்டு தான் உங்கள் வாத்தியார்.

பத்துப் படத்தில் மூன்று தேறினாலும் சந்தோஷப்படுங்கள். ஆட்களை எடுக்கும் ஆசையை மட்டும் சிறிது தள்ளி வையுங்கள். படிவம் என்ன சொல்கிறது என்பதை இன்னொருவருக்குத் தமிழில் தெளிவாக விளக்கிச் சொல்ல முடிகிற நாளில் அதைத் தொடங்கலாம்.